சின்ன உகுலேலேக்குக் கீ மாற்றிய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

முட்டம் கடலோரம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளின் உகுலேலே (நான்கு தந்தி உள்ள, கிட்டார் மாதிரிச் சின்ன வாத்தியம்) சோப்ரானோ என்கிற சிறிய சைஸ். கீ, அதாவது தந்தியை முறுக்கி ஸ்ருதி சேர்க்கும் திருகு, பல்சக்கரம் இல்லாத பழைய மாதிரி, வாத்தியத்தின் தலைக்குப் பின்னால் நேராக நீட்டிக்கொண்டு நிற்குமே, அது. உப்புக்காற்றில் கீ முனையில் இருக்கும் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகிவிட்டது. ‘ஏ’ (A) ஸ்வரத்துக்கான தந்தி மட்டும் ஸ்ருதியில் நிற்காது. மகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளோடு வாசிக்கிறவள் என்பதால் நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்தார், அசையவில்லை. உடனே பிளேயரை எடுத்து, கீயை அடியோடு பிடித்து ஒரு திருகு. ‘டிக்’ என்று ஒரு சத்தம். துளையின் ஓரத்திலிருந்து மேல்பக்கமாக முடி போல ஒரு கீறல் ஓடியதை நானும் மகளும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவர் கட்டைவிரலால் அதைத் தடவிவிட்டு, “இது முன்னாலேயே இருந்தது சார். இந்த மாதிரி பொம்மைக்கெல்லாம் கீ கிடைக்காது, புதுசு வாங்கிக்கோங்க” என்றார். “இல்லப்பா, இது இருந்ததில்ல” என்று மகள் என்னிடம் மெல்லச் சொன்னாள். அவருக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் கீறலுக்குள் மரப்பசை இறக்கி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி வைத்தேன். பல்சக்கரக் கீ செட் ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். நன்றாக நிற்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை உயிராக வைத்திருக்கும் ஒன்றைப் பொம்மை என்று சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

வில்லுக்குறி

எனக்கு நடந்தது நேர்மாறு. பழைய கீயின் துளை பெரிது, புதுக் கீயின் புஷ் (துளைக்குள் உட்காரும் வளையம்) உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. எங்கள் ஊரில் கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். வாழ்க்கையில் அன்றுதான் உகுலேலேயைப் பார்க்கிறார்.

தலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டறையில் கிடந்த அயனி மரத் துண்டைச் சீவி, உப்புத்தாளில் உருட்டி உருட்டித் துளைக்கு அளவாக ஒரு குச்சி செய்தார். பசை தடவி அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் புதுத் துளை. “உள்ள துளைய அப்படியே பெரிசாக்க மெஷினப் போட்டா பிட்டு கடிச்சு இழுத்துரும் மக்கா, ஓரம் பேந்துரும்” என்றார். கீயைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் குளிக்கிற சோப்பில் ஒரு குத்து குத்தி எடுத்துத்தான் திருகினார். அந்தப் பித்தளை ஸ்க்ரூ காய்ந்த மரத்தில் பாதியில் தலை ஒடிந்துபோகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “ஒரு பாட்டு வாசி, போதும்.” எனக்கு அன்று முழுசாக ஒரு பாட்டும் தெரியாது. தெரிந்த கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தேன். உளியைக் கீழே வைத்துவிட்டு முடியும் வரை கேட்டார்.

தெற்குத் தந்தி

முட்டம் சார், கடைக்காரர் செய்தது தப்புதான். ஆனால் பல்சக்கரத்துக்கு மாறியதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தங்கையின் சோப்ரானோவில் அதை மாட்டியதும் தலை கனத்துக் கீழே சாய ஆரம்பித்தது. இடது கை கழுத்தைத் தாங்குவதிலேயே போய்விடும், பிறகு கார்டு எப்படிப் பிடிப்பாள்? கழற்றிப் பழையதையே போட்டோம்.

1879-ல் மடேய்ராத் தீவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கப்பலேறிய போர்ச்சுகீசியத் தச்சர்களின் கைவழியாக வந்த வாத்தியம் இது. அவர்கள் போட்டது மரப் பிருடை, அதாவது மரத்தாலான கீ. நம் வீணையிலும் பல்சக்கரம் இல்லை, ஸ்ருதி நிற்காமலா போகிறது?

கீ நழுவுகிறதா, தந்தி இழுபடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், அதற்குக் கீயைக் குறை சொல்லக் கூடாது. ஸ்ருதி சேர்த்ததும் கீயிலும் தலைப்பலகையிலும் சேர்ந்தாற்போல் ஒரு பென்சில் கோடு போடுங்கள். ஸ்ருதி இறங்கியபின் கோடு விலகியிருந்தால் கீ நழுவுகிறது, முனை ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினால் போதும். கோடு அப்படியே இருந்தால் தந்திதான், பொறுத்திருங்கள். இந்த வகைக் கீ உராய்வில் நிற்பது, அதனால் தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் பக்கத்திலேயே போகக் கூடாது. கடலோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஸ்க்ரூ தலையைத் துடைத்துப் பையில் வைத்துவிட வேண்டும், சுவரில் மாட்டக் கூடாது. தந்தியைக் கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டாம், அதிகச் சுற்று இறுகி அடங்கும்வரை ஸ்ருதி ஆடும். 

மார்த்தாண்டம் பாட்டு வகுப்பு

தம்பி, வீணை வித்வான் கையும் எட்டு வயதுக் கையும் ஒன்றா? பழைய கீயில் கை ஒரு சுற்று சுற்றினால் தந்தி சுற்றும் தண்டும் ஒரு சுற்று. மயிரிழை திருப்பினாலும் ஸ்ருதி எகிறும். பல்சக்கரத்தில் 14 சுற்றுக்கு ஒன்று என்பதுபோல வரும், பிள்ளை தானே சேர்த்துக்கொள்ளும்.

ஐப்பசி மழையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்தது. என் மாணவி ஒருத்தி மேடையேறும்போது கீ ‘டர்ர்’ரென்று முழுசாகத் திரும்பித் தந்தி தொளதொளத்துவிட்டது. அவள் இசையை நிறுத்தவில்லை. மிச்சம் மூன்று தந்தியில் கடைசி வரை வாசித்து, கீழே இறங்கி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துத்தான் அழுதாள். பழைய கீதான் நல்லது என்று அதற்குப் பிறகு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

கனம்தான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கோட்டோ (Gotoh) கம்பெனியின் யூபிடி (UPT) என்று ஒரு வகைக் கீ. பார்ப்பதற்குப் பழைய நேர்க் கீ மாதிரியே பின்னால் நிற்கும், உள்ளே சின்னப் பல்சக்கரங்கள், 4 சுற்றுக்கு ஒன்று. விலைதான் கூடுதல். சாதாரணப் பல்சக்கர செட் வாங்குகிறவர்கள் இடது இரண்டு, வலது இரண்டு சரியாக இருக்கிறதா என்று பிரித்ததும் பாருங்கள்.

முட்டம் கடலோரம்

டீச்சர், தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. தலை கொஞ்சம் சாய்வது உண்மைதான். உட்கார்ந்து வாசிக்கும்போது தெரியவில்லை, நின்றால் தெரிகிறது. இப்போதைக்கு அடிப்பக்கத்திலும் கழுத்தின் அடியிலும் பொத்தான் வைத்து வார் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பென்சில் கோடு போட்டுப் பார்த்தோம், கோடு விலகவில்லை, தந்திதான் இழுபடுகிறது. யூபிடி வாங்கினால் இப்போதுள்ள ஸ்க்ரூ துளைகளை அடைக்க வேண்டும். வில்லுக்குறி, அந்த ஆசாரி அண்ணன் இன்னும் பட்டறை வைத்திருக்கிறாரா? மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.