தரவை மறைத்தாயிற்று, அனுப்பும் நோடின் இடத்தை மறைப்பது எப்படி?

கேள்வி:
காட்டு விலங்குகளைக் கண்காணிக்கும் சென்சார் நெட்வொர்க் ஒன்றை சிமுலேஷனில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விலங்கு வந்தால் அருகிலுள்ள நோடு (ரேடியோவோடு கூடிய சென்சார் கருவி) பாக்கெட் அனுப்பும். அது கைமாறிக் கைமாறி சிங்க்குக்கு, அதாவது தரவு சேரும் மைய நோடுக்குப் போகும். தரவை மறையாக்கம் செய்ய ஏஇஎஸ்-128 போட்டிருக்கிறேன். ஆனால் வேட்டைக்காரனுக்கு பாக்கெட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே! சிங்க் பக்கத்தில் ஆன்டெனாவோடு நிற்கிறான், சிக்னல் வந்த நோடுக்கு நகர்கிறான், அடுத்த பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறான். இப்படியே ஒவ்வொரு ஹாப்பாக (ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்கு ஒரு தாவல்) பின்னால் போய் விலங்கைப் பிடித்துவிடுகிறான். அதனால் பாண்டம் ரூட்டிங் சேர்த்தேன்: முதல் 10 ஹாப் ரேண்டம் வாக் (ஏதோ ஓர் அண்டை நோடுக்குக் குத்துமதிப்பாகத் தாவுவது), அப்புறம் சிங்க்குக்கு நேர்வழி. அப்படியும் ஆள் வந்துவிடுகிறான். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
ரேண்டம் வாக்கில்தான். 10 ஹாப் நடந்தால் 10 ஹாப் தள்ளிப் போய்விடாது. முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று தள்ளாடும். அடிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள். சராசரியாகக் கிடைக்கும் தூரம் ஏறக்குறைய அதுதான். 10 அடிக்கு மூன்று ஹாப். ஆக, நடை முடியும் நோடுகளான உங்கள் போலி மூலங்கள் எல்லாம் உண்மையான மூலத்தை, அதாவது முதலில் அனுப்பிய நோடைச் சுற்றியே மொய்க்கின்றன. வேட்டைக்காரன் அந்தக் கூட்டத்துக்குள் வந்தாலே போதும்.

2005-லேயே கமத், ஜாங், டிராப், ஓஸ்டர்க் ஆகியோர் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள்: திசையுள்ள நடை. ஒவ்வொரு நோடும் அண்டை நோடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைக்கும், உதாரணமாக சிங்க்கிலிருந்து ஹாப் எண்ணிக்கை கூடியவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். மூலம் ஒரே ஒருமுறை கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். நடை முடியும்வரை எல்லா நோடும் அதே கூட்டத்திலிருந்து அடுத்த நோடைப் பொறுக்கும். எந்தக் கூட்டம் என்ற குறிப்பை மறையாக்கத்துக்கு உள்ளே வையுங்கள், வெளியே வைத்தால் அதுவே துப்பு.

பிடிபட்டானா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். பிடிபடும் முன் மூலம் எத்தனை பாக்கெட் அனுப்ப முடிந்தது என்று எண்ணுங்கள். விலங்கு ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் எந்த ரூட்டிங்கும் ஒருநாள் தோற்கும்.

பதில் 2:
ஹெட்டரையும் (பாக்கெட்டின் முன்னால் உள்ள முகவரிப் பகுதி) பாருங்கள். சென்சார் ரேடியோக்களுக்கான 802.15.4 தரநிலையில் பாதுகாப்பை இயக்கினாலும் மேக் ஹெட்டர் (ரேடியோ இணைப்பு அடுக்கின் ஹெட்டர்) மறைவதில்லை. அதற்கு மேலடுக்கில் முதலில் அனுப்பிய நோடின் முகவரியை வெளிப்படையாக வைத்திருந்தால், எதிராளி நடக்கவே வேண்டாம். பாக்கெட்டை ஒவ்வொரு ஹாப்பிலும் வேறு சாவியால் மறுபடி மறையாக்கம் செய்யாவிட்டாலும் அதே பைட்டுகளைப் பிடித்துக்கொண்டே பின்தொடரலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, முகவரி வெளியேதான் இருந்தது! எதிராளி காடு முழுக்க ரிசீவர் வைத்திருந்தால்?

பதில் 1:
அப்போது ரூட்டிங் உதவாது; முதலில் பேசிய நோடு அவனுக்குத் தெரிந்துவிடும். எல்லா நோடும் சீரான இடைவெளியில், ஒரே நீளத்தில் அனுப்ப வேண்டும். சொல்ல ஏதுமில்லை என்றால் போலி பாக்கெட். விலை தாமதம்: 10 விநாடி இடைவெளி என்றால் ஒரு ஹாப்புக்குச் சராசரி 5 விநாடி, 10 ஹாப்புக்கு 50. விலங்குக்குப் பரவாயில்லை, காட்டுத்தீ எச்சரிக்கைக்கு ஆகாது. பேட்டரிக்கு அனுப்புவது மட்டும் செலவில்லை. சிசி2420 ரேடியோவில் அனுப்ப அதிகபட்சம் 17.4 மில்லிஆம்பியர், கேட்க 18.8. எனவே நேர அட்டவணை போட்டு, இடையில் ரேடியோவை அணைத்துவிடுங்கள்.