மூன்று குதிரை ரஷ்யப் பெட்டி: இது எனாமலா?

சுங்குவார்:
அப்பா எண்பதுகளில் மாஸ்கோவில் படித்தபோது வாங்கி வந்த சின்னப் பெட்டி. மூடியில் பனியில் மூன்று குதிரை பூட்டிய வண்டி, வெளியே பளபளக்கும் கறுப்பு, உள்ளே சிவப்பு. கையில் எடுத்தால் கனமே இல்லை. மூடியின் அடியோரத்தில் பொடிப்பொடியாகத் தங்க எழுத்து, முதல் எழுத்து வட்டத்தின் நடுவே கோடு இறங்கிய மாதிரி. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு எனாமல் என்கிறார். நிஜமா? லேசாக மங்கியிருக்கிறது, எப்படித் துடைப்பது?

பழையசரக்கு:
எனாமல் இல்லை சார். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கிய கண்ணாடி, தொட்டால் சில்லென்று இருக்கும், நகத்தால் தட்டினால் டங்கென்று கேட்கும். உங்களுடையது அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சூளையில் காயவைத்து, மேலே வார்னிஷ் ஏற்றியது. அதனால்தான் கனமில்லை. நீங்கள் சொல்லும் முதல் எழுத்தை வைத்துப் பார்த்தால் மாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள ஃபெதோஸ்கினோ. அங்கே 1795-லிருந்து இந்தத் தொழில் நடக்கிறது, எண்ணெய் வண்ணத்தில் வரைவார்கள், சில பெட்டிகளில் வண்ணத்துக்கு அடியில் சிப்பித் துண்டு வைத்திருப்பார்கள். விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள், பனியோ வானமோ உள்ளிருந்து மினுங்கினால் அதுதான்.

நீலமை:
பாலேக் என்ற இன்னொரு ரஷ்ய ஊரின் பெட்டி என்றால் முதல் எழுத்து நம் ப-வைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கும். அது முட்டைக்கரு கலந்த வண்ணம், ஒல்லியான நீண்ட உருவங்கள், மயிரிழைத் தங்கக் கோடுகள். புரட்சிக்குப் பிறகு சாமி படத்துக்கு வேலை இல்லாமல் போன ஓவியர்கள் 1924-ல் கூட்டுறவு அமைத்துப் பெட்டி பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஃபெதோஸ்கினோவைவிட இதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

சுங்குவார்:
நன்றி. அப்படியென்றால் ரஷ்யாவில் எனாமல் பெட்டியே கிடையாதா?

பழையசரக்கு:
ஏன் இல்லை, ரஸ்தோவ் இருக்கிறதே. தென்கோடியிலுள்ள பெரிய ரஸ்தோவ் இல்லை, மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் நேரோ ஏரிக்கரையில் உள்ள பழைய ஊர். செம்புத் தகட்டை லேசாகக் குவித்து, வெள்ளை எனாமல் பூசிச் சுட்டு, அதன்மேல் உலோக ஆக்சைடு வண்ணத்தால் மெல்லிய தூரிகையில் வரைந்து, மறுபடி மறுபடி 700, 800 டிகிரியில் சுடுவார்கள். பின்பக்கமும் எனாமல் பூசாவிட்டால் ஆறும்போது தகடு வளைந்து கண்ணாடி விரிசல் விடும். அந்த வில்லையைக் கம்பி வேலைப்பாட்டுச் சட்டத்தில் பொருத்திப் பெட்டி மூடியாக்குவார்கள். படம் மட்டும்தான் எனாமல், பெட்டி உலோகம்.

நீலமை:
வெள்ளியில் செய்த பழைய எனாமல் பெட்டிகளும் உண்டு. மாஸ்கோவில் ஃபியோதர் ரூக்கர்ட் பட்டறை பேர்போனது, ரஷ்ய அரச குடும்பத்துக்கு நகை செய்த ஃபாபெர்ஷேவுக்கே செய்து கொடுத்தார்கள். ஆனால் ஏலத்தளத்தில் 84 என்ற முத்திரையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். 96 பங்கில் 84 வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பக்கத்தில் தலையணி போட்ட பெண் முகம் இருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள்: 1899 முதல் 1908 வரை இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். இதையும் அச்சு வைத்துப் போலியாகக் குத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பழையசரக்கு:
துடைக்கிற விஷயம்: ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம், வார்னிஷ் போய்விடும். பழைய மெல்லிய பருத்தித் துணியால் உலர்வாகத் துடைத்தால் போதும். வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள், மூடி வளைந்துவிடும். அந்தத் தங்க எழுத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், ஓவியர் பெயரும் ஆண்டும் இருக்கலாம்.