தொப்பூர் ஏற்றத்தில் கார் சூடாகிறது: ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

வெள்ளை வண்டி:
வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய பழைய காரில், தொப்பூர் ஏற்றம் ஏறும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் சேலம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் விரைவில் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏரிக்கரை:
எந்த ஆண்டு வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏசி போட்டிருந்தீர்களா என்று ஒன்றுமே சொல்லவில்லையே. தருமபுரி நான்கு ரோட்டு நெரிசலில் நிற்கும்போதும் சூடாகிறதா?

மாந்தோப்பு:
இது ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) கோளாறுதான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இப்படித்தான் தொடங்கியது.

பழைய ஸ்பானர்:
தம்பி, வண்டி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதை வாங்கிய பின் கேட்கிறீர்கள், அதையும் பாதிதான் கேட்கிறீர்கள். மாந்தோப்பு அவர்களுக்கு எந்த வண்டி நின்றாலும் கேஸ்கட்தான். புகைபோக்கியில் வெண்புகை, ரிசர்வ் டப்பாவில் ஓயாத குமிழி, ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற பசை, இவற்றில் ஏதாவது உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். என்ஜின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

வெள்ளை வண்டி:
மன்னிக்கவும். 2011 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல், 92,000 கிலோமீட்டர். ஐந்து பேர் இருந்தோம், ஏசி ஓடியது. ஊருக்குள் சூடாவதே இல்லை. நீங்கள் சொன்ன மூன்றும் இல்லை. காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருப்பது கூலன்ட் இல்லை, துருநிறத் தண்ணீர். மூடியின் உட்புறத்தில், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போல வெள்ளையாகச் செதில் படிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

பழைய ஸ்பானர்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் கேஸ்கட் பேச்சே எழுந்திருக்காது. முன்பு வைத்திருந்தவர் ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்பதற்கு வீட்டு ஹீட்டரின் கம்பியே சாட்சி. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து வழியைக் குறுக்கிவிடும். நெரிசலில் நின்றும் சூடாகவில்லை என்றால் ஃபேன் ஓடுகிறது என்று பொருள். சமதளத்தில் என்ஜினுக்குச் சுமை குறைவாக இருப்பதால், குறைந்த நீரோட்டமே அந்தச் சூட்டுக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஐந்து பேரும் ஏசியுமாக ஏற்றம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் முகப்பைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அங்கே அடைப்பு. மருந்து ஊற்றிக் கழுவிப் பாருங்கள். பழைய பித்தளை ரேடியேட்டரைப் போலக் கம்பி விட்டுக் குத்த இது ஆகாது, அலுமினியம், கிழிந்துவிடும்.

தகடூரான்:
இவ்வளவு பாடு எதற்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் தடையின்றி ஓடும். என் வண்டியில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கழற்றினேன், இன்றுவரை சூடு என்ற பேச்சே இல்லை.

பழைய ஸ்பானர்:
இந்த வைத்தியம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் உரிய சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கும் கதவு. கதவு இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும், கம்ப்யூட்டரும் அதுவரை கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கும். அது பழுதாகி மூடிக்கொண்டால் சூடாகும் என்பது உண்மை. அதற்குப் புதிதாக ஒன்று போட வேண்டுமே தவிர, கழற்றி எறிவது வழியன்று.

தகடூரான்:
எனக்கு லிட்டருக்கு 18 கிடைக்கிறது ஐயா.

பழைய ஸ்பானர்:
கழற்றுவதற்கு முன் எவ்வளவு கிடைத்தது?

தகடூரான்:
அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

ஏரிக்கரை:
இருவரும் பிறகு பேசிக்கொள்ளலாம், கேட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தருமபுரியிலிருந்து போகும்போது தொப்பூர் இறக்கம்தான். திரும்பும்போது ஏசியை அணைத்துவிட்டு, கீழ் கியரில் நிதானமாக ஏறுங்கள். முள் நடுவைத் தாண்டினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வேகும், ஆனால் என்ஜினின் சூடு ஓரளவு அந்த வழியாக வெளியேறும். நிறுத்த நேர்ந்தால் வளைவில் நிறுத்தாதீர்கள், பின்னால் லாரிகள் வரும். கழுவிய பின் கூலன்ட்டையும் வடிகட்டிய நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். இன்னொன்று, வண்டி 2011 மாடல் என்பதால் 15 ஆண்டுப் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஆர்சி புத்தகத்தில் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகு, புது ரேடியேட்டரைப் பற்றி முடிவு செய்யலாம்.

வெள்ளை வண்டி:
அனைவருக்கும் நன்றி. மூன்று முறை கழுவியும் செங்காவி நிறத்தில்தான் வந்தது, நான்காவது முறைதான் தெளிந்தது. கூலன்ட்டும் புது மூடியும் போட்டாயிற்று. நேற்று ஏசி இல்லாமல் ஏறினோம், முள் நடுவிலேயே நின்றது. ஏசியோடு இன்னும் பார்க்கவில்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கலாம் என்று திறந்தபோது உள்ளே எதுவுமே இல்லை. முன்பே யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

பழைய ஸ்பானர்:
தகடூரான் அவர்கள் கவனிக்கவும்.

தகடூரான்:
மைலேஜ் எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள்.