புதுப்பிப்பு: யார்க், பாத் போய் வந்தாச்சு

இங்கிலாந்தின் யார்க் நகரிலும் பாத் நகரிலும் ஊர் நடுவில் தங்குவதா, வெளியே மலிவாகத் தங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். நடுவிலேயே எடுத்தோம்.

யார்க்கில் பழைய நகர மதிலுக்குள், மிக்கில்கேட் தெருப் பக்கம். ரயில் நிலையம் மதிலை ஒட்டி வெளியே இருப்பதால் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விட்டோம். சாப்பிட்டதும் மதில்மேல் நடை. மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர், பாதியில் இறங்கிவிட்டோம். பகலில் மையத் தெருக்கள் பலவற்றில் வண்டி விடமாட்டார்கள். நல்லவேளை, கார் எடுக்கவில்லை.

பாத்தில்தான் சறுக்கல். ரோமானியக் குளியலகம் கூப்பிடு தூரம். ஆனால் விடுதி ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கோ மூட்டுவலி. முன்பதிவு செய்யும்போதே கேட்டிருக்கணும், என் தப்பு. கீழே அறை மாற்றித் தந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே குப்பைத்தொட்டி தரிசனம்.