'ரன்' என்ற சொல்லுக்கு 645 அர்த்தமா? கணக்கு சரியா, கதையா?

வெட்டிஒட்டு:
ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள சொல் 'ரன்' என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்களை ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் பிரித்திருக்கிறார்கள். 1989 பதிப்பில் 'செட்' முதலிடம், 430. என்னைக் கேட்டால் இது வெறும் கூறுபோடும் வேலை. நிற்காமல் போவது என்ற ஒரே அர்த்தம்தான், மற்றதைப் பக்கத்துச் சொல் கொடுக்கிறது. நம் 'ஓடு' மட்டும் என்ன? ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது. இதை நான்கு அர்த்தம் என்று யாராவது சொல்வார்களா?

சொல்லேர்:
சொல்வார்கள். 'கை ஓடவில்லை, கால் ஓடவில்லை' என்று தமிழ் புதிதாகப் படிக்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள். கை எங்கே ஓடும் என்றுதான் கேட்பார். தனியாகக் கற்றால்தான் புரியும் என்றால் அது தனி அர்த்தம், அவ்வளவுதான்.

'ரன்'னில் இதற்கு மேலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைகள். ஒன்று, தானாக ஓடுவது, பாய்வது. இன்னொன்று, ஓடச் செய்வது. நாம் ஓடு, ஓட்டு என்று வைத்திருக்கிறோமே, அதே தன்வினை பிறவினை. ஜெர்மனில் 'ரின்னன்' ஒழுகுவதற்கும் 'ரென்னன்' விரைந்து ஓடுவதற்கும் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே உருவமாகிவிட்டன. அதனால்தான் மூக்கு ஒழுகுவதும் 'ரன்', கம்பெனி நடத்துவதும் 'ரன்'. முதலாவது ஓடு வழியில் வந்தது, இரண்டாவது ஓட்டு வழியில் வந்தது.

வெட்டிஒட்டு:
நன்றி, என் கட்சிக்கே வாதாடிவிட்டீர்கள். இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன என்றால், 645-ஐ ஒரே சொல்லின் கணக்கில் எழுதுவது எப்படி நியாயம்?

இலக்கணப்புலி:
கணக்கை விடுங்கள். குப்பையெல்லாம் அகராதிக்குள் வருகிறதே, அதுதான் என் வருத்தம். 'ரன் மீ மை மணி' என்றால் எனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடு என்று பொருளாம். 'ரன் யுவர் மவுத்' என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவது. 'ரன் இட் பேக்' என்றால் இன்னொரு ஆட்டம் ஆடலாம் வா. இதெல்லாம் தெருப்பேச்சு. ஆறு ஓடுவதோடு இதை எப்படிச் சேர்ப்பது?

சொல்லேர்:
ஐயா, கடத்தல் சரக்கை வரி கட்டாமல் கரை சேர்ப்பதற்கும் 'ரன்' என்றுதான் பெயர். அது கடத்தல்காரர்கள் பேச்சு, சபையில் பேசிய பேச்சு இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது சாராயம் கடத்தியவர்களை 'ரம் ரன்னர்' என்றார்கள். இன்று வரலாற்றுப் புத்தகத்தில் கூச்சமில்லாமல் அச்சாகிறது. எதற்கு வயதாகிறதோ அதை மரபு என்கிறோம், எது நேற்று வந்ததோ அதைக் கொச்சை என்கிறோம். 'ரன் மீ மை மணி'யையும் அந்த வரிசையில் காத்திருக்க விடுங்களேன்.

இலக்கணப்புலி:
காத்திருக்கட்டும். பாதிக்கு மேல் வாசலிலேயே செத்துவிடும். அதற்குப் பிறகு அகராதி எழுதினால் போதும்.

நடுவழி:
ஒரு சின்ன குறுக்கீடு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று அகராதி. வழக்கொழிந்த அர்த்தங்களையும் அது விடாது. பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் 'ரன்' ஒன்றுக்கே ஒன்பது மாதம் உழைத்தார். மாணவர் அகராதியில் இதே சொல் ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். அகராதித் துறையிலேயே சேர்த்துக் கட்டுகிறவர்களை 'லம்பர்' என்றும், பிரித்துக் கட்டுகிறவர்களை 'ஸ்ப்ளிட்டர்' என்றும் சொல்வார்கள். இங்கே நடப்பதும் அந்தச் சண்டைதான்.

வெட்டிஒட்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் 500 வந்திருக்கும். அது ஆசிரியரின் கணக்கு, மொழியின் கணக்கு இல்லை.

சொல்லேர்:
அவர் இஷ்டத்துக்குப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தேதியோடு மேற்கோள் காட்ட வேண்டும். சரி, உங்கள் வழியிலேயே வருகிறேன். தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்கர் 'ரன்' என்கிறார், பிரிட்டன்காரர் 'ஸ்டாண்ட்' என்கிறார். ஒரே வேலைக்கு ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார். நிற்காமல் போவது என்ற உங்கள் ஒற்றை அர்த்தம் இங்கே என்ன ஆயிற்று?

வெட்டிஒட்டு:
அமெரிக்கர் அதைப் பந்தயமாகப் பார்க்கிறார். பந்தயத்தில் ஓடத்தானே வேண்டும்? அர்த்தம் மாறவில்லை, பார்வைதான் வேறு.

சொல்லேர்:
அப்படியானால் 'ரன் டௌன்'. வண்டியால் மோதித் தள்ளுவது, பேட்டரி தீர்ந்துபோவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, தேடி அலைந்து கண்டுபிடிப்பது. இந்த நான்கையும் ஒரே அர்த்தத்தில் அடக்கிக் காட்டுங்கள், 645-ஐக் குறைப்பது பற்றி அப்புறம் பேசலாம்.

வெட்டிஒட்டு:
அது 'ரன்' இல்லை, 'ரன் டௌன்'. தனிச் சொல். உங்கள் 645-இல் அந்த நான்கையும் கழித்துக்கொள்ளுங்கள்.