சாய்மனைக் கதிரைப் பயணம்: நொக்ஸா, இபன் பதூதாவா?

நல்லூரான்: முழங்கால் நோவு, இந்த வருடம் படலை தாண்டவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி றொபேட் நொக்ஸை மூன்றாம் முறை வாசித்து முடித்தேன். பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்து, 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கிடந்த ஆங்கிலேயர். இதைவிட நல்ல பயண நூல் உண்டா?

வல்லைக்காற்று: அண்ணை, அது சிறைக்கதை. பயணம் என்றால் ஆள் தானாகப் புறப்பட வேண்டும். மொரோக்கோப் பயணி இபன் பதூதாவை எடுங்கோ. 1344இல் புத்தளத்தில் எங்கள் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியையே கண்டவர். அரசருக்குப் பாரசீகம் விளங்கியதாம்! பாவாத மலைக்கு, அதுதான் சிவனொளிபாத மலைக்கு, போகப் பல்லக்கும், துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் கொடுத்து அனுப்பினார்.

நல்லூரான்: பல்லக்கில் போனவருக்கு என்ன தெரியும், தம்பி? நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுச் சீவித்தவர். ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில விவிலியம் வாங்கிய இடத்தை வாசித்தீரா? விருந்தாளி விறாந்தையோடு திரும்பிவிடுவார். இவர் குசினி வரை கண்டவர்.

வல்லைக்காற்று: எந்த நாளும் பல்லக்கா? இங்கிருந்து மாபர் கரைக்கு, அதுதான் தமிழ்நாட்டுக் கீழைக் கரைக்கு, போகையில் கடலில் சாகப் பார்த்தவர் அவர்.

சுன்னாகத்தாள்: ஓம், ஆனால் பதூதா ஊர் திரும்பிய பிறகு வாயால் சொல்ல, இபன் ஜுசை என்ற எழுத்தாளர் எழுதியது அந்த நூல். டமஸ்கஸ், மக்கா வர்ணனைகளில் நிறைய, அவருக்கு முந்திய பயணி இபன் ஜுபைரின் பழைய நூலில் இருந்து எடுத்தவை. அந்தப் பக்கங்களில் பதூதாவும் எங்களைப் போலக் கதிரைப் பயணிதான்!

வல்லைக்காற்று: அக்கா, அரசரைக் கண்டது அவருடைய சொந்தக் கண். அந்த ஒரு சந்திப்புக்காகவே வாசிக்கலாம்.

நல்லூரான்: நொக்ஸிலும் எங்கள் ஆட்கள் இருக்கினம். 1679இல் தப்பி வரும்போது அனுராதபுரத்தில் இவர் சிங்களத்தில் பேச, அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களை ‘மலபார்’ என்று எழுதுகிறார். அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழரைச் சொன்ன பெயர் அது. பிறகு ஆற்றோரக் காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டும்.

வல்லைக்காற்று: நல்ல இடம்தான். ஆனாலும் அது தப்பியோட்டம், பயணமில்லை.

சுன்னாகத்தாள்: தப்பினது தானாகப் புறப்பட்டதுதானே, தம்பி? நீர் சொன்ன வரைவிலக்கணம்தான்.

வல்லைக்காற்று: சரி அக்கா, நொக்ஸின் நூலில் தப்பியோட்டம் வரும் நாலாம் பாகத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்ற மூன்று பாகமும் பயணமில்லை.