பேய்க்கு வாய் கொடுத்தது யார்?

கோட்டான்:
1764இல் வந்த ‘ஒட்ரான்டோ கோட்டை’ நாவலில் எங்கிருந்தோ வந்து விழுந்த ராட்சசத் தலைக்கவசம் கல்யாண மாப்பிள்ளையை நசுக்கிக் கொன்றுவிடும். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று அந்தக் கவசத்திடம் கேட்க முடியுமா? 1818இல் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வருகிறது. அதில் விக்டர் என்ற ஆராய்ச்சியாளன் உயிர்கொடுத்து உருவாக்கிய பிறவி, தன்னைப் படைத்த அவனையே பனிமலைக் குடிசையில் உட்காரவைத்து, அத்தியாயக் கணக்கில் தன் கதையைச் சொல்கிறது. பூதத்தின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வைத்ததுதான், உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த அந்தக் கால ரொமான்டிக் எழுத்தாளர்களின் சாதனை.

வேப்பிலை:
ஒரு நாவலை வைத்து ஒரு காலகட்டத்துக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்தது 1816இல் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் நண்பர்களுக்குள் நடந்த பேய்க்கதைப் போட்டியில்; அதே போட்டியில்தான் பொலிடோரி எழுதிய ‘வாம்பயர்’ (ரத்தம் குடிக்கும் பேய்) கதைக்கும் வேர். அதில் வாம்பயரான லார்ட் ரூத்வன் எங்கே மனம் திறக்கிறான்? விருந்துகளில் பெரிய மனுஷனாக வலம் வருகிறான், நாயகனின் தங்கையைக் கட்டிக்கொள்கிறான், ரத்தத்தைக் குடித்துவிட்டு மறைந்துவிடுகிறான். கிராமத்துக் கதைகளில் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணத்துக்குப் பிரபு வேஷம் போட்டார்கள், அவ்வளவுதான்.

கோட்டான்:
சரி, ரூத்வனை விட்டுக்கொடுக்கிறேன். கவிஞர் கீட்ஸின் ‘லேமியா’ (1820)? பாம்பு பெண்ணாகிக் காதலிக்கிறாள், கல்யாண விருந்தில் தத்துவ ஆசான் அப்பலோனியஸ் முறைத்துப் பார்த்தே அவளை இல்லாமல் ஆக்கிவிடுகிறார், காதலனும் அன்றிரவே சாகிறான். படிக்கிற யாருக்காவது அந்தக் கிழவர் மேல் பிரியம் வருமா?

வேப்பிலை:
பிரியம் வராதுதான், அதற்காகப் பாம்பு நல்லவளாகிவிடுமா? உங்கள் ஷெல்லியின் பிறவியையே எடுங்கள். விக்டரின் தம்பி, சின்னப் பையன் வில்லியத்தைக் கொன்றுவிட்டு, அவன் கழுத்தில் இருந்த படத்தை அந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினின் உடைக்குள் செருகிவிடுகிறது. பாவம், ஒன்றும் அறியாத அவள் தூக்கில் தொங்குகிறாள். இதை அதுவே தன் வாயால் சொல்கிறது! அதன் பேச்சில் மயங்கிவிடாதே என்று தன் கதையைக் கேட்கும் கப்பல் தலைவன் வால்டனை விக்டர் எச்சரிப்பது சும்மா இல்லை.

பழம்புத்தகம்:
நடுவில் ஒன்று. 1823இல் லண்டனில் ‘ஃபிராங்கன்ஸ்டை’னை நாடகமாக்கியபோது அந்தப் பிறவியை ஊமையாக்கிவிட்டார்கள். நடிகர் பட்டியலில் அதன் பெயருக்குப் பதில் வெறும் கோடுதான். மேரி ஷெல்லியே போய்ப் பார்த்து, அந்தக் கோட்டை ரசித்தாராம்.

கோட்டான்:
பார்த்தீர்களா, ஐந்தே வருஷத்தில் வாயை அடைத்துவிட்டார்கள். பேசும் பூதம் மேடைக்குத் தோதுப்படவில்லை. வேப்பிலை, குருட்டுக் கிழவர் டி லேசி அதனிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே வந்த மகன் தடியால் அடித்து விரட்டுகிறானே, அங்கேகூடவா உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை?

வேப்பிலை:
செய்தது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஜஸ்டின் பற்றிக் கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.